கேமரா முதலில், மீன் அப்புறம்
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தூண்டில் முள்ளைக் கழற்றுவது பற்றி எழுதும்போது, "படம் எடுக்கிறேன் என்று மீனைக் கொல்லாதீர்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். முள்ளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். குன்னூரில் பல வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன், ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு கிளம்பிவிடுகிறவன் என்பதால் இரண்டு பக்கமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். சரி, கேள்விக்குப் போவோம்.

எமரால்டு பக்கம் அனுமதிச் சீட்டு வாங்கி மீன் பிடிக்கப் போனோம். வாழ்க்கையில் முதல் ட்ரவுட். நண்பர்கள் படம் எடுத்தார்கள், உடனே தண்ணீரில் விட்டேன். ஆனால் அது வயிறு மேலே தெரியக் கவிழ்ந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

"உடனே" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே நீங்கள் அனுப்பிய படங்களை எண்ணிப் பார்த்தேன் தம்பி, பதினொன்று. நீங்கள் பிடித்தபடி ஒன்று, நண்பர் பிடித்தபடி ஒன்று, மூன்று பேரும் சேர்ந்து, அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமல். இதெல்லாம் முடிய எப்படியும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு நிமிடம் உங்கள் தலையை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும்? அதுவும் சும்மா நிற்கும்போது இல்லை, குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பூங்கா வரை மேட்டில் ஓடி வந்த கையோடு. முள்ளில் மாட்டி இழுபட்டு வந்த மீனின் நிலைமை அதுதான்.

மீனின் செவுளில் மெல்லிய இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீரில் அவை விரிந்து நிற்கும், வெளியே எடுத்தால் நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒட்டிப் படிந்துவிடும். காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் அதற்குப் பிரயோஜனம் இல்லை. கனடாவில் செய்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இதே வானவில் ட்ரவுட்டை வைத்துத்தான். தொட்டியில் துரத்தித் துரத்திக் களைக்க வைத்த மீன்களில், தண்ணீரை விட்டு எடுக்காதவற்றில் 12 சதவீதம் அடுத்த 12 மணி நேரத்துக்குள் செத்தன. களைத்த பிறகு 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். ஆற்றில் பிடிக்கிற மீன் எல்லாமே அந்த அளவுக்குக் களைத்திருக்காது என்று வாதாடலாம்தான், இருந்தாலும் அரை நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியைப் பாருங்கள். நம் ஆட்கள் போஸ் கொடுப்பதெல்லாம் சரியாக அந்த இடைவெளிக்குள்தான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஃபிலிம் காலம். அவலாஞ்சிப் பக்கம் ஒரு ஓடையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் கிடைத்தது, சித்தப்பா மகன் கையில் கேமரா. "கொஞ்சம் வெயில் பக்கம் திரும்பு, தொப்பியைத் தூக்கு, சிரி" என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க, நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், மீன் என் கையில் அடங்கிக்கொண்டே வந்தது. அது சமர்த்தாகிவிட்டது என்று நினைத்தேன், முட்டாள். வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் ஃபிலிம் சுருள் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை, 36 படமும் வெறும் வெள்ளை. மீனும் போச்சு, படமும் போச்சு.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான். மீன் வலைக்குள் வந்ததும் வலையோடு தண்ணீரிலேயே விட்டுவைப்பேன். முடிச்சுப் போட்ட நைலான் வலை செதிலைச் சுரண்டும், ரப்பர் வலையாக இருந்தால் நல்லது. முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றுவது. படம் எடுக்கிறவர் எங்கே நிற்பது, வெயில் எந்தப் பக்கம், போன் பூட்டுத் திறந்திருக்கிறதா, லென்ஸைத் துடைத்தாயிற்றா, இதெல்லாம் மீன் தண்ணீரில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். கையை நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மீன் உடம்பில் இருக்கிற அந்தக் கொழகொழப்புதான் அதற்குச் சட்டை. உலர்ந்த கை பட்டால் அது வழிந்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பிறகு "ஒன்று, இரண்டு" என்று சொல்லி, ஒரு கை வால் அருகே, ஒரு கை முன்துடுப்புக்கு அடியில், படுக்கைவாட்டில் தூக்க வேண்டும். செவுளுக்குள் விரல் போகக் கூடாது. போனில் தொடர்ந்து சுடுகிற வசதி இருக்கும், அந்த இரண்டு விநாடியில் பத்துப் படம் விழுந்துவிடும். மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கும் முன் அது திரும்பத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், நான் வைத்திருக்கிற கணக்கு அவ்வளவுதான். படம் சரியாக வரவில்லையா? வரவில்லை என்றே இருக்கட்டும், இன்னொரு தடவை தூக்காதீர்கள்.

விடும்போது தூக்கி எறியாமல் நீரோட்டத்தைப் பார்த்துத் தலை இருக்கும்படி கையில் தாங்கி நிற்க வேண்டும், தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போகும். இன்னொன்று, ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். சித்திரை வெயிலில் தண்ணீர் 20 டிகிரியை நெருங்கிவிட்டால் நாம் பிடிப்பதற்கு முன்பே அதற்குத் திணறல்தான், அந்த நேரத்தில் படமும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம்.

கோடை ஏரியில் பிடித்த கெண்டையைக் காலை மூடுபனியில் படம் எடுத்தால் என் முகமும் மீனும் கறுப்புக் கட்டியாகத்தான் வருகின்றன. வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?
– ஆனந்தகிரி, கொடைக்கானல்

வேண்டவே வேண்டாம். மீன் படத்துக்கு மூடுபனி மாதிரி வெளிச்சம் ஸ்டுடியோவில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. பின்னால் வெள்ளையாகப் பனி நிற்பதைப் பார்த்துக் கேமரா "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று தானாகவே குறைத்துவிடுகிறது, கோளாறு அங்கேதான். போன் திரையில் மீனின் மேல் விரலை அழுத்தி வைத்து, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கேமராவாக இருந்தால் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒன்று கூட்டுங்கள்.

சோலையின் இருட்டை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் இது அப்படியே தலைகீழ், மீன் வெளுத்துவிடும், அப்போது குறைக்க வேண்டும். அப்புறம், விடியற்காலைக் குளிரில் சில்லிட்டுப் போன கேமராவில் மூச்சுப் பட்டால்கூட லென்ஸில் ஆவி படியும். குளிரில் இருந்ததை அடுப்படிக்குள் கொண்டுபோனாலும் இதே கதைதான். பையை மூடியே வைத்து மெதுவாக ஊர்ச் சூட்டுக்குப் பழக விடுங்கள்.

இன்டர்நெட்டில் எல்லோரும் ஆட்டுக்குட்டி அளவு மீன் பிடிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் உள்ளங்கை அளவு?
– பத்தாம் வகுப்பு மாணவன், கூடலூர்

அடுத்த தடவை மீனைப் பார்க்காதே, மீனைப் பிடித்திருக்கிற கட்டைவிரலைப் பார். அந்த விரல் அவர் மூக்கை விடப் பெரிதாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கேமராவிலிருந்து 120 சென்டிமீட்டர் தூரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வை. கை இரண்டையும் நன்றாக முன்னால் நீட்டினால் மீன் 60 சென்டிமீட்டர் முன்னே வந்துவிடும். பாதித் தூரம் என்றால் படத்தில் இரண்டு மடங்கு. ஒரு முழ மீன் இரண்டு முழமாகிவிட்டது, ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அகலக் காட்சி லென்ஸ் என்றால் இன்னும் கொண்டாட்டம், ஏனென்றால் ஆள் படத்தை நிறைத்துத் தெரிய வேண்டுமானால் கேமராக்காரர் இன்னும் கிட்டே வந்தாக வேண்டும், கிட்டே வர வர முன்னால் இருப்பது ஊதிப் பெருக்கும். தெரிந்தவர்கள் விரலை மீனுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். விரலே தெரியாத படம் என்றால் எனக்கு இரண்டு பங்கு சந்தேகம்.

நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன். ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்த என் கெண்டைப் படத்தைப் பார்த்து ஒருவர் "எட்டுக் கிலோ இருக்குமா?" என்றார். நான் ஒன்றும் பேசாமல் சிரித்தேன். மூன்றரை.

நேர்மையாக எடுக்க வேண்டுமானால் முழங்கையை வயிற்றோடு ஒட்டி வைத்து, மீன் உன் நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி பிடி. இல்லையென்றால் ஈரமான புல்லில் மீனைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஸ்கேல் ஒன்றைப் போட்டு நேர் மேலிருந்து எடு. இது வறுவலுக்குப் போகிற மீனுக்குத்தான், விடப் போகிற மீனைத் தரையில் போடாதே.

வானவில் ட்ரவுட் என்கிறார்கள். நேரில் அந்த ரோஸ் நிறப் பட்டை எவ்வளவு அழகு! படத்தில் மட்டும் வெள்ளைத் தகரம் போல வருகிறது. ஏன்?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், வெலிங்டன்

ஐயா, தகரம் என்று நீங்கள் சொன்னது கிட்டத்தட்டச் சரி. செதிலுக்கு அடியில் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் இருக்கின்றன, அவை குட்டிக் குட்டிக் கண்ணாடிகள். ஃபிளாஷ் போட்டாலோ உச்சி வெயிலில் காட்டினாலோ அவ்வளவு வெளிச்சமும் திரும்பக் கேமராவுக்கே வரும், நிறம் அதில் மூழ்கிவிடும். ஃபிளாஷை அணையுங்கள். மீனின் முதுகை ஒரு மயிரிழை உங்கள் பக்கம் சாய்த்துப் பாருங்கள், சட்டென்று அந்தப் பளபளப்பு விலகி ரோஸ் பட்டை வெளியே வரும். இது சாய்வு விஷயம்தான், விலையுயர்ந்த கேமராவால் வருவதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். மீனை வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் போட்டு வைத்திருந்தீர்களா? சுற்றுப்புறத்துக்குத் தகுந்தபடி அது தன் தோலின் நிறத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், வெள்ளை வாளியில் கொஞ்ச நேரம் இருந்தாலே வெளிறிவிடும். செத்த மீன் என்றால் சொல்லவே வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து எடுக்கிற படத்தில் பட்டை பாதி மங்கியிருக்கும். நிறம் வேண்டுமானால் ஆற்றங்கரையிலேயே எடுக்க வேண்டும்.

தண்ணீருக்குள் இருக்கிற மீனை மேலிருந்து எடுப்பதானால் வானத்தின் பிரதிபலிப்பு மறைக்கும். அதற்குப் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது. போன்தான் இருக்கிறது என்றால் போலரைஸ்டு வெயில் கண்ணாடியைக் கழற்றி லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், ஒரு கோணத்தில் தண்ணீரின் பளபளப்பு காணாமல் போய் அடியில் கூழாங்கல் வரைக்கும் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் இது வேலை செய்யாது, தண்ணீர்ப் பரப்போடு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுப் பலன்.

ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு இடமே ஃபிலிம் தொழிற்சாலையால் வந்த பெயர். 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் போட்டது. அதில் ட்ரவுட் எடுத்தவர்களைக் கேளுங்கள், வானவில்லாவது பட்டையாவது, எல்லாம் ஒரே சாம்பல்தான். ஆனால் ஒன்று, செதிலின் ஒளி அந்தப் படங்களில் இருந்த மாதிரி இப்போது வருவதில்லை. கிழவன் பேச்சு என்று விட்டுவிடுங்கள்.

தனியாகத்தான் போகிறேன். யார் படம் எடுப்பது?
– ஊட்டி

யாரும் எடுக்க வேண்டாம், உங்கள் முகம் எங்களுக்குத் தெரியும். மீனை வலையோடு ஆழமில்லாத இடத்தில் மிதக்க விட்டு, பக்கத்தில் தூண்டில் கோலை வைத்து, ஒரு கையால் போனைப் பிடித்து எடுங்கள். மீனுக்கும் நிம்மதி, கோல் பக்கத்தில் இருப்பதால் அளவும் புரியும். முகம் வேண்டியே தீரும் என்றால் போனை ஒரு கல்லில் சாய்த்து வீடியோவை ஓட விடுங்கள், அப்புறம் அதிலிருந்து ஒரு காட்சியை வெட்டிக்கொள்ளலாம். 4கே வீடியோவின் ஒரு காட்சி 80 லட்சம் புள்ளிகளுக்கு மேல், கையடக்கப் படம் அச்சிட அது தாராளம். போனுக்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். பைக்காரா தண்ணீரில் என் போன் ஒன்று இன்னும் கிடக்கிறது.

மாயாற்றில் மஹ்சீர் பிடித்து, அதோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. எந்த மாதம் வரலாம்?
– கோயம்புத்தூர்

எந்த மாதமும் வர வேண்டாம். மாயாறு ஓடுகிற முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் தூண்டில் போடக் கூடாது, ஆசைக்காகச் சட்டம் வளையாது. அந்த மீன் விஷயமும் சாதாரணம் இல்லை. காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத திமில் மஹ்சீர் அது. டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் அதற்குத்தான் என்று உறுதியானதே 2018-இல், அதே வருஷம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று சிவப்புப் பட்டியலில் போட்டது. பெயர் வைக்கும்போதே ஆள் படுக்கையில்.

1946-இல் கபினியில் 120 ராத்தல் மஹ்சீரை மைசூர்க்காரர் வான் இங்கன் தூண்டிலில் பிடித்தார், இன்றைக்கும் அதைத்தான் சாதனை என்கிறார்கள். ஏறக்குறைய 54 கிலோ. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஆசைதான் உங்களுடையது என்று நினைக்கிறேன், எனக்கும் இருந்தது. கர்நாடகத்தில் கலிபோரே முகாமில் தூண்டிற்காரர்கள் வருஷக்கணக்காக எழுதிவைத்த பிடிப்புக் குறிப்பேடுகளை வைத்துத்தான், லோனாவாலாவிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகப் பெருகத் திமில் மஹ்சீர் குறைந்துபோனதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் எந்த மீனை எங்கே பிடித்தாலும் பக்கவாட்டில், துடுப்பெல்லாம் விரிந்து தெரிய ஒரு படமும் தேதியும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மீனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிற படத்தில் எந்த இனம் என்று யாருக்கும் தெரியாது.

நல்ல இடம் ஒன்று கண்டுபிடித்து ஒரே ஒரு படம் போட்டேன். அடுத்த ஞாயிறு அங்கே பதினைந்து பேர்! எப்படித் தெரிந்தது?
– மஞ்சூர்

பின்னால் பவர்ஹவுஸ் குழாய் தெரிகிறதே! குந்தாப் பக்கத்துக்காரன் எவனும் அந்த மலைச்சரிவையும் குழாயையும் பார்த்தால் பாறை வரைக்கும் சொல்லிவிடுவான். படம் எடுக்கும்போது தண்ணீரை மட்டும் பின்னணியில் வையுங்கள், கரையோ மலையோ வேண்டாம். போன் கேமராவின் அமைப்பில் இடக்குறியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையே படத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்டாக அனுப்புகிற புத்திசாலி உங்கள் குழுவில் ஒருவராவது இருப்பார்.

கேமரா இல்லாத காலத்தில் "இவ்வளவு பெரிசு" என்று எப்படி நம்ப வைத்தார்கள்?
– பண்ணைக்காடு

கையை அகட்டிக் காட்டித்தான், அந்தக் கலை இன்னும் அழியவில்லை. ஜப்பான்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மீனின் மேல் மை தடவித் தாளை அழுத்தி அச்சு எடுத்திருக்கிறார்கள், கியோடாக்கு என்று பெயர். மைக்கு அளவைக் கூட்டிக் காட்டத் தெரியாது.

எங்கள் வீட்டில் அப்பா தேயிலைப் பெட்டிப் பலகையில் மீனைப் படுக்க வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார். இந்த மலைக்கு ட்ரவுட் வந்த கதையைச் சொன்னது அந்தப் பலகைதான் எனக்கு: 1863-இல் மீன் ஆராய்ச்சியாளர் ஃபிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று பலிக்காமல், அப்புறம் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் காலத்தில்தான் பிழைத்தது, அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் வந்தது என்று கோடு போட்டுக்கொண்டே சொல்வார். பிறகு நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுப்பார். விடை ராத்தலில். 12 அங்குல நீளம், 7 அங்குலச் சுற்றளவு என்றால் முக்கால் ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது சுமார் 330 கிராம். தராசு இல்லாமல், மீனைக் கொக்கியில் தொங்கவிடாமல் எடை கிடைத்துவிடும். தோராயம்தான், ஆனால் கையை அகட்டுவதற்கு இது மேல்.

என் வீட்டுக்காரர் மாதம் இரண்டு ஞாயிறு மீன் பிடிக்கப் போகிறார். மீன் வருவதில்லை, படம் மட்டும் வருகிறது. கேட்டால் "பிடித்து விட்டுவிட்டேன், அதுதான் நாகரிகம்" என்கிறார். நம்பலாமா?
– இல்லத்தரசி, அரவங்காடு

நான் எழுதியதைப் படித்துத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்றால் பாதிப் பழி என் மேல், மன்னியுங்கள் அம்மா. நீங்கள் கூடவே அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் மீனின் மேல்துடுப்பில் ஒரே இடத்தில் ஒரே கிழிசல். மூன்றிலும் அவர் பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். அந்த ஸ்வெட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறதா, இல்லை போன குளிர்காலத்திலேயே பழைய துணிக்காரருக்குப் போட்டுவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள்.